எர்த் குழியும் முப்பது மில்லி ஆம்பியரும்

நம் ஊரில் பழைய வீட்டுக்கு வயரிங் மாற்றுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "கொல்லையில் குழி வெட்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி எர்த் போட்டிருக்கிறோம். மெயின் போர்டில் எம்.சி.பி.யும் இருக்கிறது. அப்புறம் எதற்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து இன்னொரு பெட்டி?"

நியாயமான கேள்விதான். ஓய்வூதியத்தில் வாழ்கிற நமக்கு இரண்டாயிரம் ரூபாய் சின்னப் பணம் அல்ல. பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: எர்த் குழியை நம்பி நிற்கும் வீட்டில், கசிவு மின்சாரத்திலிருந்து மனிதரைக் காப்பாற்ற ப்யூஸுக்கும் எம்.சி.பி.க்கும் திராணி கிடையாது. அந்தப் பெட்டிக்குத்தான் உண்டு. ஆனால் ஒரு வரியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆகவே அது வந்த கதையைச் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நான் மின்சாரம் படித்தவன் இல்லை. அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளியவன். ஆனால் பணியில் சில ஆண்டுகள் என் மேசைக்கு நிவாரண உதவிக் கோப்புகள் வந்துகொண்டிருந்தன. பாம்புக் கடி, இடி, நீரில் மூழ்கியது, அப்புறம் மின்சாரம். மின்சாரக் கோப்புகளில் எப்போதும் ஒரே வாசகம் இருக்கும்: "மின்கசிவு காரணமாக." துணி காயப்போடும் கம்பி, தண்ணீர் மோட்டார், கிரைண்டர், இரும்பு கேட் என்று பொருள் மட்டும் மாறும். இறந்தவரின் வயதைப் பார்த்தால் பெரும்பாலும் குடும்பத்தைத் தாங்குகிற வயது. கூடவே வாரிசுச் சான்று, சின்னப் பிள்ளைகளின் பெயர்கள். நம் நாட்டில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள் என்று அரசுப் புள்ளிவிவரமே சொல்கிறது. அந்தக் கோப்புகளைப் படித்த நாள் முதல் எனக்குள் ஒரு கேள்வி: ஷாக் அடித்தபோது ப்யூஸ் ஏன் போகவில்லை?

1962 என்ற ஆண்டு

என் இளமைக் கல்வி காரைக்காலில், பிரெஞ்சு வழியில். தாய் வழி ஊர் லால்பேட்டை. விடுமுறைக்கு இங்கே வந்தால் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில்தான் இரவுச் சாப்பாடு. அந்த நிலை மாறியதற்கு நம் மாவட்டத்தில் 1962 முக்கியமான ஆண்டு. அப்போது தென்னாற்காடு மாவட்டம். நெய்வேலியில் சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் எந்திரம் அந்த ஆண்டில்தான் ஓடத் தொடங்கியது. அதற்கு ஐந்தாண்டு முன்பு, 1957 ஜூலை 1 அன்று, சென்னை மாநில மின்வாரியம் அமைந்திருந்தது. நிலக்கரி நம் மண்ணிலேயே இருக்க, கம்பங்கள் ஊர் ஊராக நடப்பட்டன. கொடிக்கால்களுக்கும் வயல்களுக்கும் பம்ப் செட் வந்தது.

அதே 1962-இல் வேறு இரண்டு காரியங்களும் நடந்தன. ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி, காரைக்கால் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தன. இது நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று யாருக்கும் தெரியாது: நவம்பர் 14 அன்று பிரான்சில் ஓர் அரசாணை வெளியானது. வேலை செய்யுமிடங்களில் மின்சாரத்திலிருந்து தொழிலாளரைக் காப்பது பற்றிய ஆணை அது. எர்த் குழியை நம்பும் இணைப்புகளில் மின்கசிவு தடுப்பான் என்ற கருவிக்கு அங்கே சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது அந்த ஆணையில்தான்.

ஆக, நமக்கு மின்சாரம் பெருகிய அதே ஆண்டில் அங்கே அதற்குக் கடிவாளம் எழுதினார்கள். அந்தக் கடிவாளம் நம் வீட்டு வாசலுக்கு வர அறுபது ஆண்டு பிடித்தது.

ப்யூஸ் யாருக்குக் காவல்?

ப்யூஸ் கட்டை பிறந்தது ஒயரைக் காப்பாற்ற. ஒயர் தாங்கக்கூடியதைவிட அதிக மின்சாரம் ஓடினால் சூடேறித் தீப்பிடிக்கும். அதற்கு முன் மெல்லிய கம்பி உருகி அறுந்துவிட வேண்டும். எம்.சி.பி. செய்வதும் அதே வேலைதான், உருகுவதற்குப் பதிலாக விசை கீழே விழுகிறது. இரண்டுமே ஆம்பியர் கணக்கில் யோசிப்பவை: 6, 10, 16, 32.

மனித உடம்பு மில்லி ஆம்பியர் கணக்கில் சாகிறது. ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆம்பியர். அமெரிக்காவில் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர், தாமாக முன்வந்த 134 ஆண்களையும் 28 பெண்களையும் வைத்துச் சோதனை செய்தார். பிடித்த கம்பியைத் தானே விட முடிகிற எல்லை எது என்பது கேள்வி. சராசரியாக ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் போனால் கை இறுகிக்கொள்ளும், உதற முடியாது. "கரண்ட் இழுத்துப் பிடித்துக்கொண்டது" என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதுதான். இன்னும் ஏறினால் நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்பிவிடும். நம் வீட்டு 230 வோல்ட், ஈரக் கையோடு இருப்பவர் உடம்பில் 100 முதல் 200 மில்லி ஆம்பியர் வரை சுலபமாகப் பாயும். 16 ஆம்பியருக்குக் காவல் நிற்கிற எம்.சி.பி.யின் கண்ணுக்கு அது தூசி.

"சரி, அதற்குத்தானே எர்த்?" என்பீர்கள். இங்கேதான் கணக்குப் போட வேண்டும்.

எங்கள் பிரெஞ்சு வகுப்பில் ஓம் விதியைப் பாட்டு மாதிரி ஒப்புவிக்க வேண்டும்: வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். நம் வீட்டு எர்த் பைப்பின் மண் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வீராணம் ஏரிப் பாசனத்துக் களிமண்ணில், ஈரம் இருக்கும்போது, அது மோசமான அளவே அல்ல. தெருக்கோடி டிரான்ஸ்பார்மரின் எர்த் 5 ஓம் என்று கொள்வோம். கிரைண்டருக்குள் பேஸ் ஒயர் நைந்து உலோக உடம்பைத் தொடுகிறது. மின்சாரம் நம் பைப் வழியே மண்ணுக்குள் இறங்கி, மண் வழியாகவே டிரான்ஸ்பார்மருக்குத் திரும்ப வேண்டும். மொத்தத் தடை 25 ஓம். 230-ஐ 25-ஆல் வகுத்தால் 9.2 ஆம்பியர்.

16 ஆம்பியர் எம்.சி.பி. 9.2 ஆம்பியருக்கு விழுமா? விழாது. நாள் முழுக்க ஓடினாலும் விழாது. அந்த நேரத்தில் கிரைண்டர் உடம்பில் எவ்வளவு வோல்ட் இருக்கும்? 9.2-ஐ 20-ஆல் பெருக்குங்கள்: 184 வோல்ட். எர்த் ஒழுங்காகப் போட்டிருக்கிறது, எம்.சி.பி. ஒழுங்காக இருக்கிறது, ஆனாலும் கிரைண்டரைத் தொடுகிறவருக்கு 184 வோல்ட். கோடையில் மண் வெடித்து, பைப் தடை 50 ஓம் ஆனால் 209 வோல்ட். என் கோப்புகளில் இருந்தவர்கள் இறந்தபோது ப்யூஸ் ஏன் போகவில்லை என்பதற்கு இந்தக் கணக்குதான் பதில்.

பெரிய நகரங்களில் சில இடங்களில் மின் கம்பெனியே எர்த்துக்கென ஓர் ஒயரை வீடு வரை கொண்டுவந்து தரும். அங்கே கசிவு மின்சாரம் செம்புக் கம்பியிலேயே திரும்புவதால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ப்யூஸ் உடனே போய்விடும். நம் வீடுகளில் மண்தான் திரும்பும் வழி. இந்த முறைக்கு உலகம் முழுக்க 'டி.டி.' என்று பெயர். இரண்டு டி-யும் பிரெஞ்சுச் சொல்லான 'தேர்' என்பதைக் குறிக்கும். நம் கோயில் தேர் இல்லை. அங்கே தேர் என்றால் மண். டிரான்ஸ்பார்மருக்கு ஒரு மண், வீட்டுக்கு ஒரு மண், ஆகவே தேர்-தேர். பிரான்ஸ் நாட்டு வீடுகளும் பெரும்பாலும் இதே முறையில்தான் இருக்கின்றன. அதனால்தான் அவர்கள் இந்தச் சிக்கலைப் பற்றி முன்பே தலையைச் சொறிய வேண்டியிருந்தது.

கணக்குப் பார்க்கும் பெட்டி

முதலில் வந்த தீர்வு, எர்த் ஒயரிலேயே காவலை உட்கார வைப்பது. உபகரணத்தின் உடம்பில் வோல்ட் ஏறினால், எர்த் ஒயரில் உள்ள சுருள் அதை உணர்ந்து மெயினைத் துண்டிக்கும். மண் தடை அதிகமான இடங்களில் இது உதவியது. இதில் இரண்டு ஓட்டை. உபகரணம் தண்ணீர்க் குழாயையோ ஈரச் சுவரையோ தொட்டுக்கொண்டிருந்தால் மின்சாரம் அந்த வழியில் போய்விடும், காவலுக்குத் தெரியாது. இரண்டாவது, குழந்தை நேராக பேஸ் கம்பியைத் தொட்டால் எர்த் ஒயரில் எதுவுமே ஓடாது, காவல் தூங்கிக்கொண்டிருக்கும். 'இ.எல்.சி.பி.' என்ற பெயர் முதலில் இந்தப் பழைய கருவிக்கும் சேர்ந்தே வழங்கியது. இன்று கடையில் இ.எல்.சி.பி. என்று கேட்டால் ஆர்.சி.சி.பி. என்ற புதியதைத்தான் தருகிறார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

புதிய யோசனை ஓர் எழுத்தருக்கு எளிதில் புரியும். பேஸ் வழியாக எவ்வளவு மின்சாரம் வீட்டுக்குள் வருகிறதோ, அவ்வளவும் நியூட்ரல் வழியாகத் திரும்பிப் போக வேண்டும். வரவும் செலவும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் எங்கோ கையாடல்: எர்த் ஒயரிலோ, ஈரச் சுவரிலோ, மனித உடம்பிலோ. எந்த வழி என்று விசாரித்துக்கொண்டிராமல் உடனே கதவைச் சாத்து. இதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'திஸ்ழோன்க்தர் திஃபெரான்சியெல்' என்பார்கள். வித்தியாசத்தைப் பார்த்துத் துண்டிப்பது என்று பொருள். பேஸும் நியூட்ரலும் ஒரு வளையத்துக்குள் நுழைந்து போகும். இரண்டும் சமமாக இருந்தால் வளையத்தில் காந்தம் பிறக்காது. வித்தியாசம் வந்தால் பிறக்கும், அது விசையைத் தட்டிவிடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இந்த யோசனைக்கு ஜெர்மனியில் 1928-லேயே காப்புரிமை எடுத்துவிட்டார்கள். ஆனால் மில்லி ஆம்பியரை உணரும் அளவுக்கு நுட்பமான பொருள்கள் அப்போது இல்லை. அது நடைமுறைக்கு வந்த இடம் எதிர்பாராதது: தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம். 1950-களின் நடுவில் ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் சுரங்கங்களுக்காகச் செய்த முதல் கருவி 250 மில்லி ஆம்பியரில் விழுந்தது. சீக்கிரமே அதை 20 மில்லி ஆம்பியருக்கும் கீழே இறக்கினார். ஆஸ்திரியாவில் காட்ஃப்ரீட் பீகல்மையர் 1957-இல் தன் கருவியைக் கொண்டுவந்தார். அவர் மின்சாரத்தைத் தன் உடம்பிலேயே பாய்ச்சிப் பார்த்து அளவு எடுத்தவர். நான் சொன்ன டால்சியல் 1961-இல் அமெரிக்காவுக்கென்று 5 மில்லி ஆம்பியர் கருவியைச் செய்தார். நாலைந்து ஆண்டுக்குள் மூன்று கண்டங்களில் ஒரே விடை.

பிரான்சில் வெகுகாலம் வீட்டு மீட்டரை அடுத்த மெயின் பிரேக்கரில் 500 மில்லி ஆம்பியர் அளவு இருந்தது. வீட்டு எர்த் 100 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பெருக்கிப் பாருங்கள்: அரை ஆம்பியர், நூறு ஓம், ஐம்பது வோல்ட். உபகரண உடம்பில் 50 வோல்ட்டுக்கு மேல் நிற்கக் கூடாது என்ற கணக்கில் அது சரி. ஆனால் பேஸ் கம்பியை நேராகத் தொட்ட மனிதரை 500 மில்லி ஆம்பியர் காக்காது. அதனால் 1991-இல் பிளக் பாயிண்டுகளுக்கெல்லாம் 30 மில்லி ஆம்பியர் கட்டாயம் என்றார்கள். பாரிஸ் புறநகரில் என் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது அந்த வரிசையைப் போர்டில் பார்த்தேன். ஒவ்வொரு வரிசைக்கும் தலைமைக் காவலர் போல ஒரு 30.

நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் போகிற சிங்கப்பூர் இன்னும் முந்திக்கொண்டது. 1985 ஜூலை முதல் புது வீடுகளுக்கு அங்கே கட்டாயம். மிச்சமிருந்த பழைய வீடுகளுக்கும் 2023-இல் ஆணையிட்டு இரண்டாண்டு அவகாசம் கொடுத்தார்கள்.

நம் நாட்டிலோ, 1956-ஆம் ஆண்டு இந்திய மின் விதிகளில் பின்னால் சேர்த்த 61-ஏ விதி மின்கசிவு தடுப்பானைக் கேட்டது. ஆனால் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த வீட்டு இணைப்புகளை விட்டுவிட்டது. அந்தக் காலத்து வீட்டில் நாலு பல்பும் ஒரு ரேடியோவும். ஆனால் கோவையில் பி. சபாபதி 1955-லேயே மாவரைக்கும் கிரைண்டரைச் செய்துவிட்டார். தண்ணீர், உலோக உடம்பு, ஈரத் தரை, வெறுங்கால் எல்லாம் ஒன்று கூடுகிற எந்திரம் அதைப்போல் வேறு இல்லை. அது ஏழை வீட்டுக்குள்ளும் வந்தது, விதி வரவில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகள் வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று தெளிவாகச் சொல்கின்றன. நம் மின்வாரியமும் அதே 2023-இல் இதை வலியுறுத்தி அறிவிப்பு வெளியிட்டது. 1962-இலிருந்து எண்ணினால் அறுபத்தோரு ஆண்டு.

அக்கா வீட்டில்

என் அக்காவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. மகன் வளைகுடாவில். பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். மரப்பட்டி வயரிங்கை மாற்றலாம் என்று மகன் பணம் அனுப்ப, மேற்பார்வை என் தலையில் விழுந்தது. எலெக்ட்ரீஷியன் தம்பி நல்ல வேலைக்காரர். ஆர்.சி.சி.பி. பேச்சை எடுத்ததும் தயங்கினார்.

"மாட்டுறது ஒண்ணும் கஷ்டமில்ல ஐயா. மழைக் காலத்துல சும்மா சும்மா விழும். அப்புறம் நீங்களே வந்து கழட்டச் சொல்வீங்க."

அக்காவும் அவர் பக்கம். "நாப்பது வருசமா இந்த வீட்ல இருக்கேன்டா. ஒரு தடவகூட ஷாக் அடிச்சதில்ல."

மாட்டினோம். கிரைண்டரின் பழைய இரண்டு கம்பி ஒயரை எடுத்துவிட்டு எர்த்தோடு மூன்று பின் பிளக் போட்டு, சுவிட்சைத் தட்டியதும் ஆர்.சி.சி.பி. விழுந்தது. மறுபடி தூக்கினால் மறுபடி விழுந்தது. தம்பி என்னைப் பார்த்து, "நான் சொன்னேன்ல" என்கிற மாதிரி சிரித்தார். பிறகு கிரைண்டரைக் கவிழ்த்துத் திறந்து பார்த்தார். மோட்டாருக்குப் போகும் ஒயரின் ரப்பர் கருகி, கம்பி உடம்பில் உரசிக்கொண்டிருந்தது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

அக்காவிடம் கேட்டேன். "ஷாக்கெல்லாம் இல்லடா. லேசா சுர்ருன்னு இழுக்கும். அதுக்குத்தான் மணைப்பலகை போட்டு நின்னுக்குவேன்" என்றார்.

எத்தனை வீடுகளில் அந்த மணைப்பலகை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு துண்டு மரத்தை நம்பி இத்தனை காலம். சும்மா சும்மா விழுகிறது என்று நாம் திட்டுகிற பெட்டி, பெரும்பாலும் சும்மா விழுவதில்லை.

வாங்கும்போது

நான் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். வேலையை உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டுதான் செய்ய வேண்டும். நாம் தெரிந்துகொள்வது சரியான பொருளைக் கேட்டு வாங்க.

வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர். பெட்டியின் முகப்பில் 0.03 ஏ என்ற பொருளில் இருக்கும். 100, 300 என்பவை மனிதர் தொட்டால் காக்க மாட்டா. பெரிய கட்டடங்களில் தீ விபத்தைத் தடுக்கவும், முன்வரிசைக் காவலாகவும் போடுவார்கள். 30 மில்லி ஆம்பியருக்கு எர்த் தடை பற்றிய கவலையும் குறைவு. கோடையில் பைப் 50 ஓம் அல்ல, சில நூறு ஓம் ஆனாலும் கசிவு தொடங்கியதும் விழுந்துவிடும். 50 வோல்ட்டை 0.03-ஆல் வகுத்தால் 1,667 ஓம். அவ்வளவு மோசமான குழியும் தாங்கும் என்று கணக்குச் சொல்கிறது. அதற்காகக் குழியை அலட்சியம் செய்ய வேண்டாம். எர்த் இருந்தால் கசிவு பிறந்த கணத்திலேயே விழும். எர்த் இல்லையென்றால் ஒருவர் தொடும் வரை காத்திருந்து, அவர் உடம்பு வழியாக ஓடிய பிறகு விழும். உயிர் தப்பலாம், அடி தப்பாது.

வகை 'ஏ.சி.', வகை 'ஏ' என்று இரண்டு கிடைக்கும். இப்போதைய இன்வெர்ட்டர் ஏ.சி., வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாம் உள்ளே மின்சாரத்தை மாற்றிப் பயன்படுத்துவதால், அவற்றின் கசிவு சீரான அலையாக இராது. வகை ஏ.சி. அதைக் கவனிக்காமல் விடக்கூடும். ஆகவே வகை ஏ கேளுங்கள். விலை கொஞ்சம் கூடும்.

ஆம்பியர் அளவு மெயின் எம்.சி.பி.க்குக் குறையக் கூடாது. ஒற்றை பேஸ் வீட்டுக்கு இரண்டு முனை, மூன்று பேஸ் வீட்டுக்கு நான்கு முனை. ஆர்.சி.சி.பி. கசிவை மட்டும் பார்க்கும், எம்.சி.பி. கூடவே இருக்க வேண்டும். இரண்டு வேலையும் ஒன்றில் வேண்டுமென்றால் ஆர்.சி.பி.ஓ. இருக்கிறது. ஐ.எஸ். 12640 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பார்த்து வாங்குங்கள்.

முடிந்தால் ஒன்றுக்கு இரண்டாகப் போடுங்கள். கொல்லை விளக்கு, போர் மோட்டார், குளியலறை ஒரு பக்கம்; ஃப்ரிட்ஜ், படுக்கையறை மறுபக்கம். ஐப்பசி மழையில் வெளி விளக்குக்குள் தண்ணீர் போனால் ஃப்ரிட்ஜில் இருக்கும் மருந்து கெடாது; நள்ளிரவில் வீடே இருட்டாகாது. மழைக்குப் பயந்து பெட்டியையே கழற்றிப் போடும் அவசியமும் வராது.

வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தால், அதன் நியூட்ரலை மற்ற நியூட்ரலோடு கலந்துவிட்டால் காரணமே இல்லாமல் விழும். பிரித்துப் போடச் சொல்லுங்கள். கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போதும் பாதுகாப்பு வேலை செய்கிறதா என்று சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் இணைக்க விடாதீர்கள். "எர்த் சரியில்ல, நியூட்ரல்லயே குடுத்துடலாம்" என்று சிலர் செய்துவிடுவார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கம்பங்களைச் சாய்த்தது நினைவிருக்கும். வெளியே நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்து, பேஸ் நின்றுவிட்டால், அப்படி இணைத்த வீட்டில் ஃப்ரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் எல்லாவற்றின் உடம்பிலும் மின்சாரம் ஏறும்.

பெட்டியின் முகத்தில் 'டி' என்று ஒரு பொத்தான் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அழுத்துங்கள்; உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் மாற்றிவிடுங்கள். ஆனால் அந்தப் பொத்தான் பெட்டியை மட்டும்தான் சோதிக்கும். எர்த் பைப் துருப்பிடித்து அறுந்திருந்தாலும் பொத்தானை அழுத்தினால் விழும். எர்த்தை அதற்கான மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் பெட்டி எல்லாவற்றையும் காக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால், வரவு செலவு சமமாகவே இருக்கும், அது விழாது. தெருவில் அறுந்து கிடக்கும் கம்பியிடமிருந்தும் காக்காது. ஆனால் என் மேசைக்கு வந்த கோப்புகளை மனதில் புரட்டிப் பார்க்கிறேன். கிரைண்டர், மோட்டார், இரும்பு கேட். வீட்டுக்குள் நடந்தவற்றில் பெரும்பாலானவை, வரவுக்கும் செலவுக்கும் வித்தியாசம் வந்த கணத்தில் யாராவது கதவைச் சாத்தியிருந்தால் எழுதப்படாமலே போயிருக்கும்.

இனி புது இணைப்பு வாங்குகிறவர்களை விதி பார்த்துக்கொள்ளும். நம்மைப் போன்ற பழைய வீட்டுக்காரர்களை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் கிரைண்டருக்குப் பக்கத்தில் மணைப்பலகை கிடந்தால், முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரீஷியனுக்குப் போன் செய்யுங்கள்.